மழையில் ஊறிய மண்சுவர் வீடு, கூரை பெயர்ந்த மாட்டுக் கொட்டகை: முதலில் எதைக் கவனிப்பது?

ஒடுகத்தூர் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஒடுகத்தூரை ஒட்டிய சிற்றூரில் என் பெற்றோர் வசிக்கிறார்கள். விடிய விடிய அடித்த புயல் காற்றில் மாட்டுக் கொட்டகையின் சிமெண்ட் ஷீட்டுகளில் பாதி பெயர்ந்து, பக்கத்துக் கொல்லையில் விழுந்து நொறுங்கிவிட்டன. வைக்கோற்போர் அடிவரை நனைந்துவிட்டது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வீடுதான் பெரிய கவலை. அது தாத்தா காலத்து மண்சுவர் வீடு. மேலே மங்களூர் ஓடு. மேற்குச் சுவரின் அடிப்பகுதி சாரலில் கரைந்திருக்கிறது. அதன் மூலையில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. மேலே விரல் நுழையும் அகலம், கீழே வர வர மயிரிழை. இப்போது அக்கம்பக்கத்தில் தங்கியிருக்கும் அப்பா, வெயில் வந்துவிட்டதால் வீட்டுக்குத் திரும்பலாம் என்கிறார். திரும்பலாமா? இடிபாடுகளை அகற்றிவிட்டால் நிவாரணம் கிடைக்காமல் போகுமா? கொட்டகையை மறுபடி எப்படிப் போடுவது?

காட்பாடி கட்டடப் பொறியாளர்

சகோதரி, உங்கள் தந்தையாரை அந்த வீட்டில் ஓர் இரவுகூடப் படுக்க விடாதீர்கள். வெயில் சுவரின் மேல்தோலை மட்டுமே உலர்த்தும். உள்ளே மண் பல நாட்களுக்கு ஈரமாகவே இருக்கும். அடி கரைந்து மெலிந்த அந்தச் சுவர்தான் நீர் குடித்துக் கனத்த ஓடுகளின் பாரத்தையும் தாங்கி நிற்கிறது. மழை விட்ட பிறகும் மண்சுவர்கள் இடிவது இதனால்தான். 2021 நவம்பர் 19 அன்று நம் பேரணாம்பட்டில் தொடர்மழையில் ஊறிய வீடு இடிந்து 9 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். அதை நினைவூட்டியாவது தந்தையாரைத் தடுத்து நிறுத்துங்கள்.

வெடிப்பு மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதைப் பார்த்தால், மேற்குச் சுவர் குறுக்குச் சுவரிலிருந்து பிரிந்து வெளிப்பக்கம் சாய்கிறது என்றே தோன்றுகிறது. ஊர்க் கொத்தனார் ஒருவரை அழைத்துத் தூக்குக்குண்டு (சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடும் குண்டு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குண்டுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவைத்து மறுநாளும் அளந்து பாருங்கள். அது சிறிதளவு கூடியிருந்தாலும் அந்தச் சுவரைக் காப்பாற்ற முயலாமல், ஆட்களை விலக்கிவிட்டுப் பாதுகாப்பாக இறக்கிவிடுவதே சரி. கூடவில்லை என்றால் வெளியிலிருந்து சவுக்குக் கம்புகளால் சாய்வாக முட்டுக் கொடுத்து, கம்பின் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பலகை வைத்து, அதன் பிறகு ஓடுகளை இருபுறமும் சமமாக இறக்கிப் பாரத்தைக் குறையுங்கள்.

கரைந்த அடிப்பகுதியை ஒரே மூச்சில் தோண்டிவிடக் கூடாது. சிறு சிறு துண்டாகப் பிரித்துக் கல் வைத்துக் கட்ட வேண்டும். அவசரப்பட்டுச் சிமெண்ட் பூச்சும் பூசாதீர்கள். பூச்சுக்குப் பின்னால் ஈரம் சிறைப்பட்டு, வெளியே அழகாகத் தெரியும் சுவர் உள்ளே மேலும் கரையும்.

குடியாத்தம், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர்

அம்மா, எதையும் அகற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவு எண் தெரியும்படி ஒரு படமும், வீட்டின் முன் உரிமையாளர் நிற்கும் படமும் இருக்கட்டும். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலமாகத் தெரிவித்து, அந்த மனுவின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாதையை மறிக்கும் இடிபாட்டை அகற்றலாம். சுவரை இறக்க வேண்டியிருந்தால் அவருக்குச் சொல்லிவிட்டு இறக்குங்கள். அலுவலர் வரவில்லை என்பதற்காக ஆபத்தான சுவரின் கீழ் யாரும் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

தொகையும் அது பொருந்தும் மாவட்டங்களும் அந்தந்தப் பேரிடருக்கு அரசு வெளியிடும் அறிவிப்பைப் பொறுத்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சேதமடைந்த குடிசைக்கு 8,000 ரூபாய் என்றும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 10,000 ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. பசு, எருமை இறப்புக்கு இரண்டு முறையும் 37,500 ரூபாய். உங்கள் வீடு ஓட்டு வீடு என்பதால், குடிசை என்று எழுதாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்பதை அலுவலரின் ஆய்வு முடிவு செய்யும்.

அணைக்கட்டு விவசாயி

கொட்டகையைப் பற்றி நான் சொல்கிறேன், தங்கச்சி. காற்று ஷீட்டை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை. தாழ்வாரத்தின் அடியில் புகுந்து மேல்நோக்கித் தூக்குகிறது. ஆகவே ஓர வரிசையில்தான் ஜே போல்ட்டுகளை (ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி வடிவ போல்ட்டுகளை) நெருக்கமாகப் போட வேண்டும். ஷீட்டின் மேட்டில் துளையிட்டு, வாஷர் வைத்து முடுக்க வேண்டும். பள்ளத்தில் துளையிட்டால் மழைநீர் இறங்கும். அதைவிட முக்கியம், கம்பங்கள் தரையை விட்டுக் கிளம்பாமலிருப்பது. எங்கள் ஊரில் சில கொட்டகைகள் போல்ட் ஒன்றுகூட அவிழாமல், ஷீட்டோடும் சட்டத்தோடும் கம்பத்தோடும் சேர்ந்தே குப்புற விழுந்தன. இரண்டரை அடிக்குக் குறையாமல் குழி எடுத்துக் கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள்.

நொறுங்கிய ஷீட்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, மேலும் உடைக்காமல் பொறுக்குங்கள். கொல்லையில் சில்லுகளை விட்டுவிட்டு ஏர் ஓட்ட வேண்டாம்.

வைக்கோற்போரை இன்றே பிரித்து உலர்த்துங்கள். பூசணம் பிடித்து நெடி அடிக்கும் வைக்கோலை, நல்லதோடு கலந்தும் மாட்டுக்குப் போடக் கூடாது, எருக்குழியில் தள்ளுங்கள்.

ஒடுகத்தூர் மகள்

மிக்க நன்றி. திரும்பிப் போவதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டார். நாளை கொத்தனார் வருகிறார். கிணற்று மோட்டார் அறைக்குள்ளும் தண்ணீர் நின்றிருந்தது. வடிந்த பின் மோட்டாரை ஓட்டிப் பார்க்கலாமா?

அணைக்கட்டு விவசாயி

வேண்டாம். ஸ்டார்ட்டர் பெட்டியையும் மெயின் சுவிட்சையும் யாரும் தொடாதீர்கள். போகும் வழியில் கம்பி ஏதேனும் அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். முதலில் அவர்கள் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அதன் பிறகு எலக்ட்ரீஷியன் மோட்டாரைக் கழற்றி உலர்த்தி, உள்ளிருக்கும் கம்பிச்சுருளில் மின்கசிவு இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொன்ன பிறகே ஓட்ட வேண்டும். அதுவரை மாடுகளுக்குக் குடிதண்ணீரை வேறு இடத்திலிருந்து கொண்டுவாருங்கள்.