மிண்டோவில் பினோக்கியோ ஓணானைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மழைப்பித்தன்:
ஈக்வடார் போய் வந்து நாளாகிவிட்டது, ஆனால் இது மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பினோக்கியோ ஓணான் என்றால் மூக்கின் மேல் நீண்ட கொம்பு உள்ள பல்லி, இங்கே எல்லாருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். மலைக்காட்டு ஊரான மிண்டோவில் இரவு நடை, லேசான தூறல். வழிகாட்டி டார்ச்சை நிறுத்திய இடத்தில், கிளை நுனியில் வெளிறிய ஒரு கோடு. பைனாகுலரை வைத்த பிறகுதான் மூக்கின் மேல் கொம்பு தெரிந்தது. மேல் இலையிலிருந்து ஒரு சொட்டு சரியாக அந்தக் கொம்பில் விழுந்தது. கொம்பு வளைந்து நிமிர்ந்தது! காண்டாமிருகக் கொம்பு மாதிரி கெட்டியாக இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஓணான் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அப்புறம் கூட வந்த ஒருவர், படம் சரியாக வரவில்லை என்று கம்பால் கிளையைத் தாழ்த்தினார். அப்போது விழித்தது. ஓடவில்லை, மெதுவாகக் கிளையின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வழிகாட்டி உட்பட.

குறிஞ்சி:
எங்களுக்குக் காட்டியது பெண். கொம்பு ஆணுக்கு மட்டும்தானே. மொட்டை மூக்கைப் பார்த்ததும் ஒருவர் "இது இல்லையே" என்றார், மொத்தக் கூட்டமும் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டது. எனக்கு அதுதான் ஆறவில்லை. 1956-இல் விலங்கியலாளர்கள் பீட்டர்ஸும் ஒர்செஸும் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகு பல வருடங்கள் கிடைத்த மாதிரிகள் எல்லாம் ஆண்தான். பிறகு அதுவும் கண்ணில் படாமல் போய், இனமே அழிந்துவிட்டது என்று பேச்சு. 2005-இல் மிண்டோ பக்கம் பறவை பார்க்கப் போனவர்கள் கண்ணில்தான் மறுபடி அகப்பட்டது, பெண் எப்படி இருக்கும் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்டவளுக்கு அரை நிமிடம் நிற்க ஆளில்லை. வாலைக் குச்சியோடு ஒட்ட வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆலமரத்தான்:
மழைப்பித்தன் சார், கம்பால் தாழ்த்தியவரை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் "ஓடவில்லை" என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை. இது மெதுவாக நகரும் ஜாதி, அசையாமல் ஒட்டிக்கிடப்பதுதான் அதன் தற்காப்பு. அனோல்கள் (இந்த ஓணான் சேர்ந்த பல்லி வகை) மெல்லிய கிளை நுனியில் படுப்பதே, பாம்பு ஏறினால் கிளை ஆடிக் காட்டிக்கொடுக்கும் என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் நண்பர் செய்த வேலை அதற்குப் பாம்பு வந்த கணக்கு.

நான் பார்த்தது பகலில், பாசி படிந்த கிளையில் நடந்து போனது, அவ்வளவுதான். ஆனால் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். தலைநகர் கீட்டோவிலிருந்து மிண்டோவுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போல ஆகும். ஜனவரி முதல் மே வரை மழை பிய்த்து எறியும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தேவலை. முட்டி வரை ரப்பர் பூட்ஸ் அவசியம், தங்கும் இடத்திலேயே கொடுப்பார்களா என்று முன்னாலேயே கேளுங்கள். தலையில் மாட்டும் விளக்கோடு கையில் ஒரு டார்ச்சும் வேண்டும், கிளை உயரத்துக்குத் தலைவிளக்கு பத்தாது. கேமராவுக்குச் சிலிகா பாக்கெட், லென்ஸ் துடைக்க உலர்ந்த துணி. பார்த்த மரத்தின் இடத்தைப் படத்தோடு போடாதீர்கள், பிடித்து விற்கிறவர்களும் இதையெல்லாம் படிக்கிறார்கள். இன்னொன்று, பாறைச்சேவல் என்ற பறவையைப் பார்க்க விடியுமுன் எழ வேண்டியிருந்தால் அதற்கு முந்தின இரவு நடை வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் கெடும்.

குறிஞ்சி:
சார், பூட்ஸ் பற்றி யாரும் கேட்கவில்லையே :) கொம்பை ஆட்டிச் சண்டை போடுவதைப் பார்த்தீர்களா, அதைச் சொல்லுங்கள்.

ஆலமரத்தான்:
பார்க்கவில்லை. அதோடு கொம்பால் குத்திச் சண்டை கிடையாது. பெண்ணிடம் போகும்போதும் இன்னொரு ஆணை எதிர்கொள்ளும்போதும் தூக்கிக் காட்டும், அவ்வளவே.

மழைப்பித்தன்:
எனக்கு ஆச்சரியம் அது ஓடாததில் இல்லை சார். நான் வாயைத் திறக்காததில்தான்.