இரவு பன்னிரண்டு மணிக்கும் பக்கத்து வளவில் கொங்கிறீற் மிக்சர் ஓடுகிறது, யாரிடம் சொல்வது?

ஒழுங்கை வீட்டுக்காரி:

வணக்கம். எங்கள் வீடு கொண்டாவிலில், பலாலி வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. பக்கத்து வளவு 1995 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்தது. கூரை போய், சுவருக்குள் ஆலங்கன்று முளைத்து, பாம்புக்குப் பயந்து பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் வளர்த்தோம். இந்தச் சித்திரைக்குப் பிறகுதான் சுவிஸில் இருக்கும் அந்த வீட்டு மகன் அதை இடித்து மாடி வீடு கட்டத் தொடங்கினார். அந்தக் குடும்பத்துக்கும் எங்களுக்கும் பங்குக் கிணறு. அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே துலாவில் தண்ணீர் அள்ளியவர்கள். அந்த வளவில் திரும்ப விளக்கு எரியப் போகிறது என்று எங்களுக்கு உண்மையாகவே சந்தோசம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. போன வருடம் பாரிசவாதம் வந்து வலது பக்கம் வழங்காமல் போய்விட்டது. அவர் படுக்கும் அறையின் யன்னலுக்கும் அந்த வேலைக்கும் இடையில் மதிலும் ஏழெட்டு அடி நிலமும்தான்.

போன வெள்ளிக்கிழமை மேல்மாடிக்கு சிலாப் போட்டார்கள். எங்கள் ஒழுங்கை பத்தடி அகலம்கூட இல்லை. கொங்கிறீற் ஏற்றிக்கொண்டு வரும் பெரிய வாகனம் உள்ளே வராது என்பதால் ஒரு மிக்சரை எங்கள் மதிலோடு வைத்துக் கலந்தார்கள். பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்கியது இரவு பன்னிரண்டே காலுக்குத்தான் நின்றது. சத்தம் கூடும்போதெல்லாம் அம்மா இடக்கையால் இடக்காதைப் பொத்துவார். மற்றக் கை எழும்பாது. மற்றக் காதை நான் பொத்திக்கொண்டு கட்டிலில் இருந்தேன். இடையில் ஒருமுறை, "விமானம் போயிட்டுதோ?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வேலையை எடுத்துச் செய்பவரிடம் கேட்டதற்கு, கொங்கிறீற்றை இடையில் நிற்பாட்ட ஏலாது அக்கா, ஒரு நாள்தானே என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாடு முடிந்துதான் கம்பி வெட்டுகிறார்கள், கிறைண்டர் பத்தரை மணி வரை கத்துகிறது. விடிய நாலரைக்கு சிலாப்புக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டார் தொடங்கிவிடும். வேலையாட்கள் அங்கேயே தங்கியிருப்பதால் அவர்களுக்கு நேரம் என்று ஒன்று இல்லை.

ஆறு மணிக்குப் பிறகு சத்தம் போடக்கூடாது என்று ஒருவர் சொல்கிறார். பத்து மணி வரை போடலாம் என்கிறார் இன்னொருவர். உண்மையில் எது சரி? யாரிடம் சொல்ல வேண்டும்? எடுத்தவுடன் பொலிசுக்குப் போக எனக்கு மனமில்லை. நாளைக்கும் அதே கிணற்றில்தான் இரண்டு வீட்டாரும் தண்ணீர் எடுக்க வேண்டும்.

மானிப்பாய்ப் பக்கம்:

சகோதரி, அம்மாவின் நிலைமை கவலையாக இருக்கிறது. ஆனால் வீடு கட்டினால் சத்தம் வரத்தான் செய்யும். 2011இல் நாங்கள் கட்டியபோது அயலவர்கள் ஏழு மாதம் பொறுத்தார்கள். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. உடைந்து கிடந்த ஊர் எழும்பும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அம்மாவைச் சில நாட்களுக்கு வேறு அறைக்கு மாற்றிப் பார்க்க முடியாதா?

ஒழுங்கை வீட்டுக்காரி:

அண்ணா, பகல் சத்தத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலையில் இருந்து பொழுதுபடும் வரை எவ்வளவு அடித்தாலும் பொறுக்கிறோம். அம்மாவை மாற்றலாம் என்றால், குளியலறை ஒட்டியிருக்கும் அறை அது ஒன்றுதான். அவரைத் தூக்கிக்கொண்டு போக வீட்டில் நானும் உயர்தரச் சோதனைக்குப் படிக்கும் மகனும் மட்டும்.

ஓய்வுபெற்ற ரீ.ஓ:

பிள்ளை, உள்ளூராட்சி சபைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். நீர் கேட்ட ஆறு மணியும் பத்து மணியும் இரண்டு வேறு இடங்களில் இருந்து வந்து சனத்தின் வாயில் ஒன்றாகக் கலந்துவிட்டவை. உமக்குப் பொருந்துவது இரண்டுமே இல்லை. உம்முடைய நேரம் இரவு ஒன்பது மணி.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே 23ஆம் திகதி, 924/12 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வந்தன. அதில் பொதுவான இரைச்சலுக்குப் பகல் என்றால் காலை 6 முதல் மாலை 6 வரை. பிரதேச சபை எல்லைக்குள் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் 63, 50. கொண்டாவில் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருவதால் அரிசி ஆலை, பட்டறை போன்றவற்றுக்கு உமது பக்கத்தில் 55, 45தான் கணக்கு. ஆறு மணிக் கதை இங்கிருந்து வந்தது.

கட்டிட வேலைக்கு அதே ஒழுங்குவிதியில் தனி அட்டவணை இருக்கிறது. அதில் பகல் என்பது காலை 6 முதல் இரவு 9 வரை, 75 டெசிபல். இரவு 9 முதல் காலை 6 வரை 50. சத்தம் வருகிற காணியின் எல்லையில் வைத்துத்தான் அளப்பார்கள், உமது விடயத்தில் அந்த மதில். ஒரு கணத்துச் சத்தத்தைப் பிடித்து முடிவு சொல்வதில்லை, அளக்கும் நேரம் முழுவதற்குமான சராசரியைப் பார்ப்பார்கள். 50 என்றால் அமைதியான வீட்டுக்குள் இரண்டு பேர் மெல்லக் கதைக்கிற அளவு. ஒன்பது மணிக்குப் பிறகு சாந்து பூசலாம், பலகை அடுக்கலாம். மிக்சரையும் கிறைண்டரையும் ஓட்டிக்கொண்டு அந்த அளவுக்குள் நிற்கவே முடியாது. நாலரை மணி மோட்டாரும் மதிலோடு நின்றால் அதே கதைதான்.

பத்து மணி என்பது ஒலிபெருக்கிக்கு. வெலிகமவில் இருந்து போன வழக்கொன்றில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று சொன்னது. கோயில் திருவிழாக் காலத்தில் எல்லோரும் அதைக் கதைப்பதால் சனம் எல்லாவற்றுக்கும் பத்து மணி என்று நினைத்துக்கொள்கிறது.

இனி யாரிடம் சொல்வது. கட்டிட அனுமதி கொடுப்பது பிரதேச சபை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், அது பிரகடனம் செய்யப்படாத இடங்களில் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், இந்த இரண்டின் கீழ்தான் அனுமதி போகும். சபைக்கு ஒரு கடிதம் எழுதும். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன மெசின் என்று நாலைந்து நாளுக்குக் குறித்து எழுதும். "எப்போதும் சத்தம்" என்று எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு நாங்கள் போய் நின்றால், ஒப்பந்தகாரர் எங்களுக்கு முன்னால் மெசினை நிற்பாட்டிவிட்டுச் சிரிப்பார். நேரம் போட்ட கடிதம் வந்தால் அந்த நேரத்துக்கே போகலாம். வீடு முடிந்து குடிபுக முன் உரிமையாளர் சபையிடம் சி.ஓ.சி, அதாவது அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான சான்றிதழ், எடுக்க வேண்டும். அதனால் சபையோடு பிணக்கு வைத்துக்கொள்ள எவரும் விரும்பமாட்டார்கள். அனுமதியில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

டெசிபல் அளக்கும் கருவி மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் இருக்கிறது. 1981 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு பதியலாம். கைபேசியில் அளந்தது உமக்கு ஒரு மதிப்புத் தரும், நீதிமன்றத்தில் நிற்காது. கடைசி வழி நீதவான் நீதிமன்றம். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லையை நிறுத்த நீதவான் கட்டளையிடலாம். "பொது" என்ற சொல்லைக் கவனியும். ஒரு வீட்டின் கரைச்சலாகப் போனால் தனிப்பட்ட சண்டை என்று ஒதுக்கப் பார்ப்பார்கள். ஆகவே இப்போதே ஒழுங்கையில் இன்னும் நாலு வீட்டாரின் கையொப்பத்தையும் வாங்கி வையும், கடிதம் எந்தப் பக்கம் போனாலும் உதவும்.

மேசன் தம்பி, சுன்னாகம்:

அக்கா, நானும் இந்த வேலைதான் செய்கிறேன். கொங்கிறீற்றை இடையில் நிற்பாட்ட ஏலாது என்று அவர் சொன்னது உண்மை. போட்டது இறுகின பிறகு அதோடு புதுசைச் சேர்த்தால் இரண்டும் ஒட்டாது, அந்தக் கோட்டால் மழைத்தண்ணீர் ஒழுகும். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. நிற்பாட்ட ஏலாது என்றால் காலையில் தொடங்க வேண்டும்.

கணக்குப் பாருங்கள். மாடி 1400 சதுர அடி, 5 அங்குலத் தடிப்பு என்று வைப்போம். கிட்டத்தட்ட 6 கியூப் கொங்கிறீற், ஒரு கியூப் என்றால் 100 கன அடி. ஒரு பை சீமெந்துக்கு ஒன்று, இரண்டு, நாலு கலவை போட்டால் ஐந்தரைக் கன அடி வரும். அப்படி 105, 110 தரம் கலக்க வேண்டும். ஒரு தரத்துக்கு ஐந்து நிமிடம். மிக்சர் ஒன்றோடு ஒன்பது மணித்தியாலம். விடிய ஆறரைக்குத் தொடங்கினால் பின்னேரம் நாலு மணிக்கு முன் தாச்சி கழுவி வைக்கலாம். இரண்டு மிக்சர் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டோடு சரி. உங்களுடைய இரண்டரை, பன்னிரண்டே கால் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான், ஒன்பதே முக்கால் மணித்தியாலம், பாருங்கள். அன்றைக்குக் காலையில் சல்லியோ மணலோ வந்து சேரவில்லை, அதுதான் நடந்திருக்கும். முதல் நாளே சாமான் இறக்காமல் சிலாப் நாள் குறிக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதலில் படிக்கிற பாடம்.

கம்பி வெட்டை இரவுக்கு வைக்க ஒரு காரணமும் இல்லை. பகலில் ஒருவரை அதற்கென்று விட்டால் முடியும், மேசையை மற்ற வேலிப் பக்கம் போட்டால் உங்கள் யன்னலுக்கு வராது. தண்ணீர் அடிப்பதற்கும் வழி இருக்கிறது. சிலாப்புக்கு மேலே சாந்தால் சின்ன வரம்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பின்னேரம் நிரப்பிவிட்டால் விடியும் வரை ஈரம் நிற்கும். மோட்டாரே தேவையில்லை, சிலாப்புக்கும் அதுதான் நல்லது. இதை அவரிடம் சொல்லுங்கள். தெரியாது என்று சொல்லமாட்டார்.

சூரிச் தமிழச்சி:

அக்கா, வீட்டுக்காரர் சுவிஸ் என்றபடியால் எழுதுகிறேன். இங்கே ஒவ்வொரு ஊராட்சிக்கும் சொந்த விதி இருக்கிறது. பெரும்பாலும் இரவு 10 மணிக்குப் பிறகு அமைதி காக்க வேண்டும். மத்தியானம் 12இல் இருந்து 1 மணி வரை புல் வெட்டும் மெசின்கூட ஓட்ட விடாத ஊர்கள் பல. அதற்குள் வாழ்கிற மனிதர், தன் பெயரில் கட்டும் வீட்டில் இப்படி நடக்கிறது என்று தெரிந்தால் சும்மா இருப்பாரா? ஒப்பந்தகாரர் அவருக்கு அனுப்புவதெல்லாம் பகலில் எடுத்த அழகான படங்களாக இருக்கும். நீங்கள் சத்தத்தை அனுப்புங்கள். குறை சொல்லி ஒன்றும் எழுத வேண்டாம்.

ஒழுங்கை வீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாளாயிற்று, நடந்ததை எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி மகனின் பழைய கொப்பியில் நேரம் குறித்தேன். செவ்வாய் இரவு கிறைண்டர் 9.40 முதல் 10.35 வரை. புதன் விடிய மோட்டார் 4.25. புதன் இரவு கைபேசியை அம்மாவின் தலையணையில் வைத்து இரண்டு நிமிடம் பதிந்து சுவிஸுக்கு அனுப்பினேன். "தம்பி, இது அம்மாவின் தலைமாட்டில் எடுத்தது" என்று மட்டும் எழுதினேன். அரை மணித்தியாலத்தில் அழைத்தார். பதிவில் கிறைண்டருக்கு இடையில் அம்மா முனகுவது கேட்டதாம். சின்ன வயதில் அவருக்கு எங்கள் அம்மாதான் காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பா என்று சொல்லிக் குரல் உடைந்துவிட்டது.

அடுத்த நாள் ஒப்பந்தகாரர் முகம் கொடுக்காமல்தான் வந்தார். வெளிநாட்டுக்காரரிடம் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள் என்றார். நான் ஒன்பது மணி, 75, 50 என்று ஐயா சொன்னதைச் சொன்னேன். அதற்கு அவர் அவ்வளவாக அசையவில்லை. மேசன் தம்பியின் 110 தரம், ஐந்து நிமிடம் கணக்கைச் சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். பிறகு இருந்து கதைத்தார். அன்றைக்குச் சல்லி ஏற்றிய வாகனம் மத்தியானம் ஒன்றரைக்குத்தான் வந்தது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

அதே கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். மெசின் வேலை காலை ஆறரை முதல் மாலை ஆறு வரை. கூரைச் சிலாப்புக்கு முதல் நாளே சாமான் இறங்க வேண்டும், தவறினால் நாளைத் தள்ளிவைப்பது. கம்பி மேசை மற்றப் பக்கம். பாத்தி கட்டித் தண்ணீர் விடுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. கடிதத்தில் நாலு வீட்டார் ஒப்பமிட்டிருக்கிறார்கள், இன்னும் சபைக்குக் கொடுக்கவில்லை. அலுமாரியில் இருக்கிறது.

நேற்று இரவு அம்மா மூன்றரை வரை எழும்பவில்லை. எழும்பியதும் தண்ணீர் கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை.

கூரைச் சிலாப் வரும் வியாழக்கிழமை. மேசன் தம்பி, ஒரு கேள்வி: ரைல்ஸ் வெட்டும்போது தூசியும் சத்தமும் இதைவிட மோசம் என்கிறார்கள். தண்ணீர் விட்டு வெட்டும் மெசின் யாழ்ப்பாணத்தில் வாடகைக்குக் கிடைக்குமா?