கிர் சிங்கங்களை மிருகக்காட்சி சாலைக்கு மாற்றினால் காப்பாற்ற முடியுமா?

தேவகோட்டைக்காரன்:
2025 கணக்கெடுப்பின்படி குஜராத்தில் 891 சிங்கங்கள். அவற்றில் பாதிக்கு மேல் கிர் சரணாலயத்துக்கு வெளியே, வயலிலும் ரயில் பாதை ஓரத்திலும் திரிகின்றன. கிணற்றில் விழுகின்றன, ரயிலில் அடிபடுகின்றன. 2018-ல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் தொற்றியபோது சில வாரங்களில் 20-க்கும் மேல் செத்தன. ஒரு நூறைப் பிடித்து வண்டலூர் மாதிரி இடங்களுக்குப் பிரித்து அனுப்பினால் இனமாவது மிஞ்சும்.

கானாடுகாத்தான் ஆச்சி:
வண்டலூருக்கு மட்டும் நோய் வரவில்லையா தம்பி? 2021 ஜூனில் அங்கே சிங்கங்களுக்குக் கொரோனா வந்து, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அதோடு, கூண்டில் வளர்ந்த குட்டி வேட்டை கற்றுக்கொள்ளாது, மனிதரைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. அதை எந்தக் காட்டில் விடுவீர்கள்? காட்டிலிருந்து நூறை எடுப்பதும் லேசான காரியமில்லை. ஒரு கூட்டத்தின் ஆண் சிங்கத்தைப் பிடித்துவிட்டால் வேறு ஆண் வந்து அங்கே இருக்கும் குட்டிகளைக் கொன்றுவிடும்.

தேவகோட்டைக்காரன்:
ஆச்சி, குஜராத்தின் ஜூனாகத் சக்கர்பாக் மிருகக்காட்சி சாலையில் பல காலமாக இனப்பெருக்கம் செய்கிறார்களே?

பள்ளத்தூர் வாசகன்:
அங்கே எந்தச் சிங்கம் எதன் வாரிசு என்று கவனித்துச் செய்கிறார்கள் அண்ணே. சண்டிகர் பக்கம் சட்பீர் மிருகக்காட்சி சாலையில் ஆப்பிரிக்கச் சிங்கமும் நம் சிங்கமும் கலந்துபோய், கடைசியில் இனப்பெருக்கத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. நமக்குத் தேவை கூண்டு இல்லை, இரண்டாவது காடு. மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குச் சிங்கங்களை ஆறு மாதத்தில் அனுப்பச் சொல்லி 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அதற்காக 24 ஊர்க்காரர்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். 2022-ல் அங்கே வந்து இறங்கியது நமீபியாவின் சிவிங்கிப்புலி. அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

தேவகோட்டைக்காரன்:
இடம் மாற்றினால் பிழைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1957-ல் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபாவில் மூன்று சிங்கங்களை விட்டார்கள். பதினொன்றாகப் பெருகின, அப்புறம் ஒன்றுகூட இல்லாமல் போயின.

பள்ளத்தூர் வாசகன்:
விட்டதே மூன்று, காடும் சின்னது. விட்ட பிறகு அவை எங்கே போகின்றன என்று பின்தொடர ரேடியோ பட்டையும் அன்று கிடையாது. குனோ அப்படியில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி:
ஊர் மக்கள் மனசு வைத்தால் நடக்கும். நம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. கிர் காட்டில் மாடு மேய்க்கும் மால்தாரிகள் மாட்டைப் பறிகொடுத்தும் சிங்கத்தோடு வாழ்கிறார்கள்.

தேவகோட்டைக்காரன்:
பறவை ஆளை அடிக்காது ஆச்சி. அம்ரேலி பக்கம் சிங்கம் மனிதரைக் கொன்றிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இதைச் சொல்ல முடியுமா?

கானாடுகாத்தான் ஆச்சி:
முடியாது. ஆளைக் கொன்ற சிங்கத்தைப் பிடித்து ஆயுசுக்கும் அடைக்கட்டும், நான் மறுக்கவில்லை. அதற்காக ஒரு பாவமும் செய்யாத நூறை ஏன் சேர்த்துப் பிடிக்க வேண்டும்? அந்தச் செலவில் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கட்டலாம், ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடலாம்.