சிஸ்டம் யூஐ மாத்த 100 வீதம் சார்ஜ் வேணுமாம்! உந்தக் கதையை ஆர் கிளப்பினது?

இரணைமடுவான்:
ரெண்டு நாளா வட்ஸ்அப் குழுக்களில ஒரு குரல்பதிவு சுத்துது. "டப்பின்ர (டப்லெட்) சிஸ்டம் யூஐ மாத்த முதல் 100 வீதம் சார்ஜ் ஏத்துங்கோ, ஒரு வீதம் குறைஞ்சாலும் டப் செத்துப்போம், மற்றபடி பயமில்லை" எண்டு. சிஸ்டம் யூஐ எண்டது மேல்பட்டை மாதிரித் திரையில நிக்கிறதைக் காட்டுற டப்பின்ர உள் மென்பொருள். கேக்கக் கேக்க எரிச்சல் வருது. 50 வீதம் தாராளம். பயப்பட வேண்டியது அந்த "மற்றபடி பயமில்லை" எண்டதுக்குத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பிள்ளையள் கடந்தகால வினாத்தாள், ஈ-தக்சலாவப் (கல்வி அமைச்சின்ர இணையத்தளம்) பாடம், குறிப்பு எல்லாத்தையும் ஒரே டப்பிலதான் வைச்சிருக்குதுகள். சிஸ்டம் யூஐயை மாத்த முதல் பூட்லோடரை (டப்பை எழுப்பிற, பூட்டுப்போட்ட மென்பொருளை) திறக்கோணும், திறந்த உடன அவ்வளவும் அழியும். அதை விட்டுட்டு சார்ஜாம் சார்ஜ்!

முறிகண்டிக்_கச்சான்:
அந்தக் குரல்பதிவு என்ர. ஆளைச் சொல்லாமல் குத்தத் தேவையில்லை அண்ணை. நான் சொன்னது சொன்னதுதான், 100 எண்டா 100. 2020 இல வந்த டப்புகளின்ர பற்றரி இப்ப என்ன நிலையில இருக்கும்? திரையில 50 காட்டும், வேலை குடுத்த உடன 12 க்கு விழும்.

இரணைமடுவான்:
விழுற பற்றரி 100 இலயும் விழும். அப்பிடியான டப்பில முதல் பற்றரியை மாத்தோணும், பிறகு மற்றதைக் கதைப்பம்.

எழுத எவ்வளவு நேரம் போகும்? சாம்சுங்குக்கு ஓடின் எண்ட கொம்பியூட்டர் மென்பொருளால நாலைஞ்சு ஜீபி ஏபி கோப்பை (சிஸ்டம் அடங்கின கோப்பு) டப்புக்குள்ள எழுதினாலும் யூஎஸ்பி 2.0 இல பத்து நிமிசத்துக்குள்ள முடியும். டப் ஏ7 க்கு இருக்கிறது 7040 எம்ஏஎச் பற்றரி. பத்து நிமிசத்தில அது எத்தினை வீதம் குறையும்? மஜிஸ்க் (ரூட், அதாவது டப்பில முழு அதிகாரம், எடுக்கிற கருவி) மொடியூலா போட்டா அது டேட்டாப் பகுதியில ஒரு சின்னக் கோப்பு, ஒரு நிமிச வேலை. 50 தாராளம்.

சிஸ்டம் யூஐ எண்டது மேல மணிக்கூடு நிக்கிற பட்டை மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் எல்லாரும் கை வைக்கினம். பூட்டுத்திரையும் அதுக்குள்ளதான். கொம்பியூட்டரை முதன்முதல் செருகேக்க "யூஎஸ்பி டிபக்கிங்கை அனுமதிக்கவா" எண்டு கேக்கிற பெட்டியையும் சிஸ்டம் யூஐதான் காட்டுது. மாத்தின கோப்பு பிழைச்சா அந்தப் பெட்டி வராது. பெட்டி வராட்டி ஏடிபி (கொம்பியூட்டரில இருந்து டப்புக்குக் கட்டளை குடுக்கிற வழி) இல்லை, ஏடிபி இல்லாட்டி உள்ள போய்த் திருத்த வழியில்லை. அதால கொம்பியூட்டரை முன்னமே செருகி "எப்பவும் அனுமதி" குடுத்து வைக்கோணும். ஆண்ட்ராய்ட் 11 இல இருந்து ஏழு நாள் செருகாமல் விட்டா அந்த அனுமதியும் காலாவதியாகும். டெவலப்பர் ஒப்ஷன்ஸில அந்தக் காலக்கெடுவை நிப்பாட்டிற ஆளி (சுவிச்) ஒண்டு இருக்கு, அதைப் போட்டுவிடுங்கோ.

அடுத்தது பூட்டுத்திரையைத் திறக்கிற பின் (PIN) இலக்கம். வேலை தொடங்க முதல் அதை எடுத்துவிடோணும். பூட்டுத்திரை வராட்டி பின் அடிக்க இடமில்லை. பின் அடிக்காட்டி உள்ள இருக்கிற கோப்புகள் குறியாக்கத்துக்குள்ளயே கிடக்கும், ரிக்கவரி (மீட்பு) மோட்டால போயும் எடுக்கேலாது. உங்கட குரல்பதிவில இதில ஒரு சொல் வந்ததோ?

முறிகண்டிக்_கச்சான்:
இவ்வளவு நீட்டியும் நான் கேட்டதுக்கு விடை இல்லை. எழுதிறதுக்கு ஆர் 100 கேட்டது? மீட்கிறதுக்குத்தான் 100. டப் பூட்லூப்பில போனா லோகோ வந்து வந்து போகும், திரை எரிஞ்சபடி, புரோசசர் ஓய்ஞ்சிராது. கொம்பியூட்டர் யூஎஸ்பி 2.0 துளையில வாறது 500 மில்லிஅம்பியர், அந்த ஓட்டத்துக்கே காணாது. மூலக் கோப்பு (கொம்பனியின்ர மாத்தாத சிஸ்டம்) கையில இல்லாட்டி நாலைஞ்சு ஜீபி இறக்கோணும். சிக்னல் மெலிஞ்ச ஊரில அது ஒரு இரவு. 50 ஓட தொடங்கினவன் விடிய டப்பைக் கையில வைச்சுக்கொண்டு நிப்பான்.

இரணைமடுவான்:
மூலக் கோப்பை இறக்காமல் வேலை தொடங்கிறவனுக்கு 100 இல்லை, 200 குடுத்தாலும் காணாது! முதல் இறக்கி வைக்கோணும். ஸிப் (சுருக்கின) கோப்பும் பிரிச்ச கோப்பும் சேர்த்து கொம்பியூட்டரில 15 ஜீபி வெறுமையா இருக்கோணும். பூட்லூப்பில நிக்கிற டப்பைச் சுவர்ச் சார்ஜரில போடலாம்தானே? ஒலி குறைக்கிற பொத்தானையும் பவரையும் சேர்த்து ஏழெட்டு செக்கன் அழுத்தினா மறுதொடக்கமாகும். பூட் அனிமேஷன் வரேக்க ஒலி குறைக்கிற பொத்தானை அழுத்தி வைச்சா சேஃப் மோட், மஜிஸ்க் மொடியூல் எல்லாம் தானா நிக்கும். ஏடிபி அனுமதி இருந்தா "ஏடிபி வெயிட் ஃபோர் டிவைஸ் ஷெல் மஜிஸ்க் ரிமூவ் மொடியூல்ஸ்" எண்ட ஒரு வரி. ரெண்டு நிமிசத்தில மீண்டிடும். 50.

மாங்குளம்_சந்தி:
அண்ணைமார், ரெண்டு பேரும் டப்பின்ர பற்றரியையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். கரண்ட் நிண்டா டப் நிக்காது, மேசைக் கொம்பியூட்டர்தான் நிக்கும். ஓடின் பாதி எழுதேக்க அது நிண்டா சுப்பர் பகுதி (சிஸ்டம் கிடக்கிற இடம்) அரைகுறையாக் கிடக்கும், டப் எழும்பாது. யூபிஎஸ் போடுங்கோ, இல்லாட்டி லப்டொப்பில செய்யுங்கோ. வயரும் டப்போட வந்த நல்ல வயரா இருக்கோணும், முன்பக்கத் துளையில செருகாமல் பின்பக்கம் செருகோணும். டப் 50 ஆ 100 ஆ எண்டது பெரிய விசயமே இல்லை.

முறிகண்டிக்_கச்சான்:
தம்பி, யூபிஎஸ் டப்புக்குச் சார்ஜ் ஏத்தாது. பெரிய ஆக்கள் கதைக்கேக்க இடையில வந்து புதுசாக் கொண்டுவராதையும். 100 வேணும் எண்டது அப்பிடியே நிக்குது.

மாங்குளம்_சந்தி:
யூபிஎஸ் டப்புக்கெண்டு நான் எங்க எழுதினனான்? வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ.

பூநகரிக்_காத்து:
சிம் போடுற டப் எண்டா ஈஎஃப்எஸ் பகுதியை (ஐஎம்இஐ இலக்கம் கிடக்கிற இடம்) பிரதி எடுக்கோணும் எண்டு இவ்வளவு நேரம் ஒருத்தரும் சொல்லேல்லை. குவல்கொம் சிப் எண்டா மொடெம்எஸ்டி1, மொடெம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி மூண்டையும் "டிடி" கட்டளையால எடுத்து டப்புக்கு வெளியில வையுங்கோ. *#06# அடிச்சு வாற ஐஎம்இஐ (டப்பின்ர அடையாள) இலக்கத்தை ஒரு கொப்பியில எழுதுங்கோ. அந்த இலக்கம் போனா சிம் வேலை செய்யாது, இலங்கையில ஐஎம்இஐ சரிபாக்கிற 1909 க்கு அனுப்பிப் பாக்கவும் ஒண்டும் மிஞ்சாது. போன வருசம் இதே இடத்தில இரணைமடுவான்தான் எம்டிகே (மீடியாடெக் சிப்) டப்புக்கு "ஃபோர்மட் ஓல் போட்டாத்தான் சுத்தம்" எண்டு எழுதினவர். அதை நம்பினவையின்ர டப்பில வைபை பட்டியல்ல "என்வீராம் வோர்னிங்" எண்டு வந்து நிண்டது. இப்ப வந்து தயாரிப்பைப் பற்றி வகுப்பெடுக்கிறார்!

இரணைமடுவான்:
அக்கா, பொய் சொல்லாதேங்கோ. நான் எழுதினது "டவுன்லோட் ஒன்லி, அது சரிவராட்டி ஃபேர்ம்வெயர் அப்கிரேட்" எண்டு. எஸ்பி ஃபிளாஷ் டூலில (எம்டிகே டப்புக்கு எழுதுற மென்பொருள்) ஃபோர்மட் ஓல் போட்டா, ஐஎம்இஐ கிடக்கிற என்வீராம் பகுதி அழியும், ஐஎம்இஐ போகும் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ? அதோட, சிஸ்டம் யூஐ கோப்பை மாத்திறதால ஈஎஃப்எஸ் தொடுபடாது. வைபை மட்டும் இருக்கிற டப்புக்கு ஐஎம்இஐயே இல்லை.

பூநகரிக்_காத்து:
தொடுபடாது, பிழைக்கிற வரைக்கும். பிழைச்சாப்போல கையில கிடைச்ச கோப்பையெல்லாம் எழுதித் தள்ளுவியள், அங்கதான் ஐஎம்இஐ போறது. உங்கட பழைய பதிவு அழிஞ்சிட்டுதோ, நீங்கள் அழிச்சனீங்களோ?

துணுக்காய்த்_தம்பி:
ஒரு கேள்வி அண்ணை. கண் மங்கலான ஆக்களுக்குப் பட்டையும் ஐகனும் பெரிசாத் தெரிஞ்சாக் காணும். அதுக்கும் ரூட் வேணுமோ?

மாங்குளம்_சந்தி:
வேண்டாம். பூட்லோடரையும் திறக்கத் தேவையில்லை. "ஏடிபி ஷெல் டபிள்யூஎம் டென்சிட்டி" எண்டு அடிச்சா இப்ப இருக்கிற அளவு வரும், அதைக் குறிச்சு வையும். பிறகு அதே கட்டளைக்குப் பின்னால 20 கூட்டின எண்ணைப் போட்டுப் பாரும், காணாட்டி இன்னும் 20. ஒரேயடியாக் கூட்டினாத் திரையில ஒண்டும் பிடிபடாது. பிழைச்சா "டென்சிட்டி ரீசெட்". தரவு ஒண்டும் அழியாது.

முறிகண்டிக்_கச்சான்:
அதுக்கும் சார்ஜ் ஏத்திப்போட்டுச் செய்யும் தம்பி.

இரணைமடுவான்:
டென்சிட்டி மாத்தவும் 100 ஆ? கடவுளே. உங்களுக்குச் சார்ஜைத் தவிர வேற சொல் தெரியாதோ?

ரூட்டோடதான் செய்யப்போறன் எண்டு நிக்கிறவைக்கு எழுதிறன். சாம்சுங்கில பூட்லோடரைத் திறக்கேக்க ஒருக்கா அழியும், மஜிஸ்க் ஒட்டின ஏபியை சிஎஸ்சி (நாட்டு அமைப்புக்குரிய) கோப்போட எழுதேக்க ரெண்டாம் தரமும் அழியும். அதால ரெண்டுக்கும் பிறகுதான் பிள்ளையின்ர கோப்புகளைத் திருப்பிப் போடோணும். திறந்த உடன வைபையில இணைச்சு, ஓஇஎம் அன்லொக் ஆளி மங்கலா, போட்டபடி நிக்குதோ எண்டு பாருங்கோ. ஒட்டின ஏபி கோப்பை எம்டிபி (சாதாரண யூஎஸ்பி கோப்புப் பிரதி) வழியா இழுக்காதேங்கோ, பெரிய கோப்பு பழுதாகும். "ஏடிபி புல்" போடுங்கோ. தனிப்பயன் கோப்பு எழுதின உடன நொக்ஸ் பிட் (சாம்சுங்கின்ர பாதுகாப்பு அடையாளம்) 0 இல இருந்து 1 ஆகும், அதைத் திருப்ப ஏலாது. செக்யூர் ஃபோல்டர் அதோட சரி. வங்கிச் செயலிகளும் பல மறுக்கும்.

கோப்பைப் பிரிக்க முதல் "பிஎம் பாத்" போட்டு சிஸ்டம் யூஐ எங்க கிடக்கெண்டு பாருங்கோ, சிலதில சிஸ்டம், சிலதில சிஸ்டம் எக்ஸ்ட். எபிகேடூலுக்கு (செயலிக் கோப்பைப் பிரிச்சுக் கட்டுற கருவி) அதே டப்பின்ர, அதே பதிப்பின்ர ஃபிரேம்வேர்க்-ரெஸ் கோப்பைப் பதியோணும். திருப்பிக் கட்டேக்க புதுக் கையெழுத்துப் போடாதேங்கோ. அது பிளாட்ஃபோர்ம் சாவியால கையெழுத்திட்ட கோப்பு, வேற சாவி பட்டா அதின்ர உரிமையெல்லாம் போகும். மூலக் கையெழுத்தை வைச்சிருக்கிற "சி" தெரிவோட கட்டுங்கோ. அனுமதி 0644. ஆண்ட்ராய்ட் 10 க்கு மேல சிஸ்டம் பகுதி வாசிக்க மட்டும்தான், அதுக்குள்ள நேர எழுதப் போகாமல் அதே பாதையில மொடியூலாப் போடுங்கோ. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் எண்டும் நம்பாதேங்கோ. பில்ட் பேரில கடைசியில இருந்து ஐஞ்சாவது எழுத்துத்தான் பைனரி எண், அதுக்குக் குறைஞ்சதை எழுதினா ஓடின் நிண்டிடும், டப் திரையில "எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்" எண்டு வரும்.

இதில எந்த இடத்தில 100 வருது? சொல்லுங்கோ.

முறிகண்டிக்_கச்சான்:
எல்லா இடத்திலயும் வருது. நீங்கள் எழுதின ஒவ்வொரு படியும் பிழைக்கக்கூடிய படி. எத்தினை தரம் மறுதொடக்கம், எத்தினை தரம் டவுன்லோட் மோட்? அந்த மோட்டில சார்ஜ் ஏறும் எண்டு நம்பி இருக்கலாமோ? 50 எண்டு எழுதினதை அழியுங்கோ, பிள்ளையள் வாசிக்குதுகள்.

இரணைமடுவான்:
அழிக்கமாட்டன். உங்கட குரல்பதிவில "மற்றபடி பயமில்லை" எண்டதை முதல் அழியுங்கோ.

பூநகரிக்_காத்து:
அழிக்கிறதைப் பற்றி இரணைமடுவான் கதைக்கிறார். ஃபோர்மட் ஓல் பதிவு எங்கயெண்டு இன்னும் சொல்லேல்லை.

துணுக்காய்த்_தம்பி:
மாங்குளம் அண்ணை, டென்சிட்டி கூட்டினாப் பிறகு மேல பட்டையில மணிக்கூடு வெட்டுப்படுது. 20 குறைக்கவோ?

மாங்குளம்_சந்தி:
10 குறைச்சுப் பாரும்.

முறிகண்டிக்_கச்சான்:
சார்ஜ் எத்தினை நிக்குது தம்பி?