பெரியவர்கள் சொத்து, செட்டில்மெண்ட், உயில்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

காவேரிப்பட்டணத்தான்:
தான செட்டில்மெண்ட் என்றால் உயிரோடு இருக்கும்போதே சொத்தை இனாமாக எழுதிக் கொடுப்பது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா மாந்தோப்பைச் சின்ன மகன் பேருக்கு எழுதிவைத்தார். அடுத்த பெங்களூரா மாங்காய் காய்ப்புக்கே தோப்பு குத்தகைக்குப் போனது. பணம் இவர் கைக்கு வரவில்லை, அப்புறம் சோறும் நின்றது. 2023இல், இப்படிப்பட்ட பெரியவர்களின் புகாரை விசாரிக்கும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி பத்திரத்தில் வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டே வந்தார். ‘அன்பின் காரணமாக’ இருந்தது, ‘சுவாதீனம் ஒப்படைத்து’ (அதாவது சொத்தைக் கையில் கொடுத்து) இருந்தது. “கடைசி வரைக்கும் பார்த்துக்கணும்னு எங்கேயாவது எழுதியிருக்கா பெரியவரே?” என்றார். “பெத்த பையன்கிட்ட அதை எழுதி வாங்குவாங்களாங்க?” என்று பெரியப்பா திருப்பிக் கேட்டார். அதிகாரி பதில் சொல்லவில்லை, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாதச் செலவுக்கு உத்தரவு வந்தது. தோப்பு வரவில்லை.

அரூர் வாசி:
இதற்குத்தான் உயில் எழுதுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். உயிரோடு இருக்கும்வரை சொத்து நம் பேரில் இருக்கும், மனசு மாறினால் மாற்றி எழுதலாம். ஆனால் சாட்சி சரியாக அமைய வேண்டும். எங்கள் மாமா உயிலுக்குச் சாட்சி போட்ட இரண்டு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் கூண்டில் ஏறி, “கையெழுத்து என்னுதுதான். அவர் போட்டதை நான் பார்க்கலை. டீக்கடையில நீட்டினாங்க, போட்டேன்” என்றார். சாட்சி என்றால் எழுதியவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் ‘இது என்னுதுதான்’ என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாததால் உயிலே கவிழ்ந்துபோனது. இறங்கி வரும்போது அந்த ஆள் அத்தையிடம் “நல்லா இருக்கியாம்மா?” என்று விசாரித்துவிட்டு வேறு போனார்!

ஓசூர் ரிட்டயர்டு:
அரூர் நண்பர் சொல்வது பாதிதான் சரி. எங்கள் வீட்டில் நான் செட்டில்மெண்ட்தான் போட்டேன், இன்றுவரை ஒரு சண்டை இல்லை. காரணம், எழுதிய விதம். குறித்துக்கொள்ளுங்கள்.

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம், 23ஆவது பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை கட்டாயம் இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2022 டிசம்பரில் சொன்னது. காவேரிப்பட்டணத்துப் பெரியவர் மாட்டிக்கொண்டது அதில்தான். 2025 ஜனவரியில் அதே கோர்ட், பெரியவர்களுக்குச் சாதகமாகவே சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று இன்னொரு வழக்கில் சொத்தைத் தாய்க்குத் திருப்பித் தந்தது (அங்கே மகன் தனியாக ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தான், அதையும் மறக்க வேண்டாம்). அதே ஆண்டு மார்ச்சில் சென்னை ஐகோர்ட், ‘அன்பின் காரணமாக’ என்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றது. இருந்தாலும் கோர்ட்டை நம்பிப் பத்திரத்தில் நிபந்தனை வரியை விட்டுவிடாதீர்கள். ‘ஆயுள் உள்ளவரை நானே அனுபவிப்பேன்’ என்று ஒரு வரி, ‘பராமரிக்காவிட்டால் ரத்து’ என்று ஒரு வரி. வில்லங்கம் (சொத்தின் மேல் கடன், வேறு பாத்தியதை உண்டா என்று காட்டும் சான்று) போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட்டுக்கு முத்திரைத்தாள் 1 சதவீதம், உச்சவரம்பு 40 ஆயிரம். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10 ஆயிரம். 2023 ஜூலையில் ஏற்றினார்கள். ஆர்.டி.ஓ.விடம் மனுவை நீங்களே எழுதிக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டும் என்றில்லை. மாதச் செலவுக்கு அந்தச் சட்டத்தில் அதிகபட்சம் 10 ஆயிரம்தான். சந்தேகம் இருந்தால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567க்குப் போன் போடுங்கள்.

பாலக்கோடு மகள்:
ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் ஆள் நினைவோடு இருந்தால் நடக்கும். அம்மாவால் நடக்க முடியாது என்று சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைத்தோம், அதற்கு வசதி இருக்கிறது. பத்திரம் தயார், மை தயார். “உங்க பேர் என்னம்மா?” என்றார். அம்மா ரொம்ப நேரம் அவரையே பார்த்துவிட்டு, “சாப்பிட்டியா கண்ணு? களி இருக்கு” என்றாள். அவர் கோபப்படவில்லை. “வேணாம்மா” என்று சொல்லிவிட்டுக் கோப்பைக் கட்டினார். புத்தி தெளிவாக இல்லாதவர் பத்திரத்தைப் பதிய முடியாதாம். அண்ணன் இன்னமும் நான்தான் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்கிறான். மருந்துச் செலவுக்கு அம்மாவின் டெபாசிட்டையும் எடுக்க முடியவில்லை.

அரூர் வாசி:
முன்னாடியே பவர் (அவர் சார்பில் செய்ய அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வாங்கியிருக்கலாமே அக்கா?

ஓசூர் ரிட்டயர்டு:
தவறு. கொடுத்தவருக்குப் புத்தி தவறினால் பவர் பத்திரமும் அதோடு முடிந்தது. அதைக் காட்டிப் பணம் எடுத்தால் நாளை அண்ணனே கேஸ் போடுவார். ஐகோர்ட்டில் ரிட் மனு (ஐகோர்ட்டிடமே நேரடியாக உத்தரவு கேட்கும் மனு) போட்டு உங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்க வேண்டும். கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியை 2024இல் சென்னை ஐகோர்ட் அப்படித்தான் நியமித்தது. டாக்டர் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கையில் இருந்தால் வேலை சுலபம். இன்னொன்று, சேமிப்புக் கணக்கில் நாமினி யார் என்று…

பாலக்கோடு மகள்:
நாமினி அண்ணன்தான் ஐயா. சம்மதக் கடிதத்தை அவனிடம் கொடுத்திருக்கிறேன். பாகம் பிரித்தால்தான் கையெழுத்து என்கிறான்.