ஜூன் 26 துண்டறிக்கையில் என்ன எழுதலாம்?

கேள்வி (காரைக்குடி):
சித்திரவதைக்கு ஆளானோருக்கான ஐ.நா. நாளன்று கொப்புடையம்மன் கோயில் அருகே துண்டறிக்கை தரப்போகிறோம். 1997-இல் கையெழுத்திட்ட சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை (அதற்குக் கட்டுப்படுவதாக முறைப்படி ஒப்பவில்லை) என்று எழுதினேன். எங்கள் ஆச்சி படித்துவிட்டு, “இதனால் என் பேரனுக்கு என்ன?” என்றார்.

பதில் (தேவகோட்டை):
ஆச்சி சரியாகத்தான் கேட்டிருக்கிறார், தம்பி. காவலில் நடக்கும் கொடுமைகள் பற்றிய டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் போடுங்கள். கைது செய்யும்போது காவலர் எழுதும் கைதுக் குறிப்பில் தேதி, நேரம், வீட்டாரோ ஊர்ப் பெரியவரோ இடும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி இல்லாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சடியுங்கள்.

பதில் (கண்டனூர்):
1942-ஐ விட்டுவிட்டீர்களே! வெள்ளையர் ஆட்சியில் திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டது நம் பக்கத்து மக்கள்.

பதில் (தேவகோட்டை):
தாராளமாகச் சேருங்கள். காவல் நிலையத்துக்குக் கொடுக்கும் அனுமதிக் கடிதத்தில் மட்டும் அந்தச் சிறை உடைப்பை எழுதிவிடாதீர்கள்.