காய்ச்சல் வரும் நாளுக்கு முதலில் திட்டம் போடுங்கள்

சின்னக் குழந்தையோடு வெளிநாடு வந்து, இருவருமே வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்றால், எங்கள் வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் கேளுங்கள்.

எல்லோரும் முதலில் டேகேரில் இடம் தேடுவோம். தேடத்தான் வேண்டும். காத்திருப்போர் பட்டியல் பல இடங்களில் மாதக்கணக்கில் நீளும், அதனால் வீடு பார்க்கும்போதே பெயர் பதிந்துவிடுங்கள். இடம் கிடைத்ததும் கவலை தீர்ந்தது என்று நானும் நம்பினேன். ஆனால் சேர்ந்த முதல் வருடம் மகளுக்குச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. பத்துப் பிள்ளைகளோடு முதன்முதலாகப் பழகும்போது புதுப் புது வைரஸ்கள் ஒட்டிக்கொள்ளும். அது உங்கள் வளர்ப்பின் குறை இல்லை. காய்ச்சலோடு போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், பகலில் வந்தால் போன் செய்து உடனே அழைத்துப் போகச் சொல்வார்கள்.

அந்த போன் ஒவ்வொரு முறையும் என் மனைவிக்கே போனது. சேர்க்கை படிவத்தில் முதல் தொடர்பு எண்ணாக அவளுடைய எண்ணைத்தான் எழுதியிருந்தோம். நான் அதை யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. புது வேலையில் சேர்ந்த நான்கு மாதத்தில் அவளுடைய விடுப்பு முழுவதும் தீர்ந்துபோனது, என்னுடையது அப்படியே இருந்தது. ஒருநாள் இரவு அவள் அழுதபோதுதான் எனக்கு உறைத்தது. இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

படிவத்தில் முதல் தொடர்பு எண்ணாக என் எண்ணை மாற்றி எழுதினோம். அப்புறம் ஞாயிறு மாலைதோறும் இருவர் காலண்டரையும் பக்கத்தில் வைத்து, எந்த நாளில் போன் வந்தால் யார் கிளம்புவது என்று எழுதிவிடுவோம். பத்து நிமிட வேலை. யாருக்குச் சம்பளம் அதிகம் என்று பார்த்துப் பிரிக்காதீர்கள், அன்றைக்கு யாருடைய கூட்டத்தைத் தள்ளிப்போட முடியாது என்று மட்டும் பாருங்கள். சம்பளத்தைப் பார்த்தால் விடுப்பு எடுப்பவர் எப்போதும் ஒருவராகத்தான் இருப்பார், அவருடைய வேலைதான் பின்தங்கும்.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் என்ன விடுப்பு உண்டு என்று கேட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு மிகவும் மாறும். ஸ்வீடனில் 12 வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 120 நாள் வரை, ஓர் உச்சவரம்புக்குள் சம்பளத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அரசே தருகிறது. ஜெர்மனியில் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோருக்கு 2024, 2025 ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு ஆளுக்கு 15 வேலை நாள். பிரிட்டனில் அவசரத்துக்கு விடுப்பு எடுக்க உரிமை உண்டு, ஆனால் சம்பளம் தரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அங்கே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி வேலையின் முதல் நாளிலிருந்தே முறைப்படி விண்ணப்பிக்கும் உரிமை 2024 ஏப்ரலில் வந்தது. அமெரிக்காவில் கவனமாக இருங்கள்: குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் (FMLA) தரும் 12 வார விடுப்புக்குச் சம்பளம் இல்லை. அதுவும் 12 மாதம் வேலை பார்த்த பிறகுதான், கடுமையான நோய்க்குத்தான். சாதாரணச் சளிக்கு நிறுவனமோ மாநிலச் சட்டமோ தரும் விடுப்பைத்தான் நம்ப வேண்டும்.

இருவராலும் நகர முடியாத நாளும் வரும். அதற்கு இன்னொரு குடும்பம் வேண்டும். அதே டேகேருக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அவர்களுக்கும் அதே கவலைதான். நாங்கள் கூச்சப்பட்டு ஆறு மாதம் வீணாக்கினோம். ஆள் கிடைத்தாலும், அழைத்துப் போக அனுமதி உள்ளவர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பொதுவாகக் குழந்தையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். பெயரை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள், வரும்போது அடையாள அட்டை கொண்டுவர வேண்டும் என்று அந்தக் குடும்பத்திடமும் சொல்லி வையுங்கள்.